மூன்றாவது கூப்பன்

அத்தியாயம் 11

கார்ல் வீட்டுக்குத் திரும்பி இன்றோடு இருபத்திரண்டு நாள். ஒரு சூட்கேஸ், ஒரு கிடார், ஒரு குக்கர் இவற்றோடு அவன் கட்கி வீட்டு வாசலில் வந்து நின்றதைப் பார்த்தோம். மகர்பட்டாவில் நண்பர்கள் நாலு பேராக எடுத்த ஃப்ளாட்டை ஏன் விட்டுவிட்டு வந்தான் என்று அம்மா கேட்டாள், அப்பா கேட்டார், எதிர்வீட்டு மராத்திக்காரம்மா கூடக் கேட்டுவிட்டாள். எல்லோருக்கும் ஒரே பதில்தான் கிடைத்தது. "சும்மா."

பாக்கியவதி முப்பது வருடமாக மூன்றாம் வகுப்பு டீச்சர். ஒரு பையன் "சும்மா" என்று சொன்னால் அவன் பையைத் திறந்து பார்த்துவிட வேண்டும் என்பது அவள் கண்ட அனுபவம். சூட்கேஸில் ஒன்றும் இல்லை. குக்கரில் ஒன்றும் இல்லை. கிடாருக்குள் டார்ச் அடித்துப் பார்த்தாள், அங்கே ஒரு கரப்பான்பூச்சிதான் இருந்தது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வாஷிங் மெஷினில் துணி போடும்போதுதான் அது அகப்பட்டது. ஜீன்ஸ் பையில், சினிமா டிக்கெட் அளவில், ஒரு நீல அட்டை. "நட்பும் நலமும்: ஓர் ஆய்வு. வயது 18 முதல் 29 வரை. சனிக்கிழமைகளில் காலை பத்து மணி முதல்" என்று ஆங்கிலத்திலும் மராத்தியிலும் அச்சடித்திருந்தது. கீழே பாணேர் முகவரி. மூலையில் 31-3 என்று ஓர் எண்.

பாக்கியவதி அதை முன்னும் பின்னும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவள் முகம் மலர்ந்துவிட்டது. அது மகள் கரோலின் வேலை பார்க்கும் ஆபீஸ்.

அங்கே என்ன வேலை என்று கரோலின் வீட்டில் சொல்லியிருந்தாள். "இந்தக் காலத்துப் பசங்க யார் யாரோட பழகுறாங்க, எப்படிப் பழகுறாங்கன்னு கேட்டு எழுதணும்மா." அது பொய்யில்லை. முக்கால் உண்மை. மீதிக் கால் பங்கு கஞ்சா. கஞ்சா பிடிக்கிற இளைஞர்கள் யாரோடு சேர்ந்து பிடிக்கிறார்கள், பிடிக்காதபோது அதே ஆட்களோடு எப்படி இருக்கிறார்கள், விட்டுவிட்டால் அந்த நட்பு என்ன ஆகிறது என்பதுதான் ஆய்வு. அடுத்த மாதம் தன் கல்யாணத்தை வைத்துக்கொண்டு அந்த ஒரு வார்த்தையைச் சாப்பாட்டு மேசைக்குக் கொண்டுவர வேண்டாம் என்று கரோலின் விட்டுவிட்டாள். அந்தக் கால் பங்குதான் இந்த வாரம் எல்லோரையும் படுத்தி எடுக்கப் போகிறது.

ஏனென்றால் பாக்கியவதிக்கு இன்னொன்றும் தெரியும். போன வாரம் மகள் போனில் யாரிடமோ, "ஆளே வர மாட்டேங்குறாங்க" என்று சலித்துக்கொண்டதை அவள் அடுப்படியிலிருந்து கேட்டிருந்தாள். பெற்ற மனம் சும்மா இருக்குமா. அட்டையை போட்டோ எடுத்து அன்பியம் வாட்ஸப் குழுவில் போட்டுவிட்டாள். அந்தத் தெருவின் பதினெட்டுத் தமிழ்க் குடும்பங்கள் வாரம் ஒரு வீட்டில் கூடி ஜெபிக்கிற குழு அது.

"நம்ம கரோலின் ஆபீஸில் நட்பைப் பற்றி நல்ல ஆராய்ச்சி. சாப்பாடு உண்டு. நாளை பிள்ளைகளை அனுப்பவும். நானே கூட்டிக்கொண்டு போகிறேன்."

காலை வணக்கப் பூக்கள் தாங்காமல் கரோலின் அந்தக் குழுவை எப்போதோ மியூட்டில் போட்டிருந்தாள்.

*

சனிக்கிழமை காலை, சாப்பாட்டு மேசையில் ஆர்தர் கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கி வைத்துக்கொண்டு ஒரு தாளை வாசித்துப் பழகிக்கொண்டிருந்தார். கன்டோன்மென்ட் அலுவலகத்தில் ஹெட் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். ஞாயிறு தமிழ்ப் பூசையில் அறிவிப்புகளை வாசிப்பது அவர்தான். பன்னிரண்டு வருடத்தில் எத்தனையோ பேருக்குக் கல்யாண ஓலை வாசித்திருக்கிறார். கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு கோயிலில் வாசிக்கிற அறிவிப்பு அது. நாளைக்குச் சொந்த மகளின் ஓலை, முதல் அறிவிப்பு.

"தாள்ல மாப்பிள்ளை மார்க் போட்டு அனுப்பியாச்சு. இனி ஒரு எழுத்து மாறக்கூடாது," என்றார்.

தாளில் மாப்பிள்ளையின் பெயருக்கும் அவன் பெற்றோர் பெயருக்கும் பக்கத்தில் பச்சை மையில் ஒரு சின்ன வட்டம், உள்ளே ஒரு டிக். மாப்பிள்ளை பெனிஸ்டன், போசரியில் கியர் செய்யும் கம்பெனியில் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். தேறிய பொருள் ஒவ்வொன்றிலும் அந்தப் பச்சை வட்டத்தைப் போட்டுப் போட்டுக் கை பழகிவிட்டது. கல்யாணக் கார்டின் ப்ரூஃபில் வரிக்கு வரி போட்டான். ஹோட்டல் பில்லில் போடுவான். போன மாதம் ஒருநாள் விளையாட்டாகக் கரோலினின் மணிக்கட்டில் ஒன்று போட்டுவிட்டான். அவள் இரண்டு நாள் அதன்மேல் தண்ணீர் படாமல் பார்த்துக்கொண்டாள்.

"ஏட்டி, நாஷ்டா பண்ணிட்டுப் போ. இன்னைக்கு ஒனக்கு ஆபீஸ்ல கூட்டம் இருக்கும்," என்றாள் பாக்கியவதி.

"யார் சொன்னா?"

"நான் சொல்லுதேன்."

கார்ல் உள்ளே இருந்து வந்தான். "அம்மா, என் நீல ஜீன்ஸ் எங்க?"

"காயுது."

"அதுல பாக்கெட்ல..."

"எல்லாம் பத்திரமா இருக்குல. நீ குளிச்சிட்டுக் கிளம்பு."

கார்லின் முகம் வெளுத்தது. கரோலினுக்கு நேரமாகிவிட்டது. பாதி தோசையை வாயில் வைத்துக்கொண்டே ஸ்கூட்டர் சாவியைத் தேடிக்கொண்டிருந்ததால் தம்பியின் முகத்தை அவள் பார்க்கவில்லை.

*

பாணேர் ஆபீஸ் என்பது ஒரு பழைய பங்களாவின் கீழ்த்தளம். முன்னால் ஒரு வரவேற்பறை, அதற்குள்ளே ஒரு கதவு, கதவுக்கு அப்பால் நாலு சின்ன அறைகளும் காரம் போர்டு போட்ட ஒரு கூடமும்.

ஒவ்வொரு சின்ன அறையிலும் மேசைமேல் ஓர் அட்டை விரித்திருக்கும். நடுவில் ஒரு புள்ளி, அதைச் சுற்றி வளையத்துக்கு மேல் வளையம். பக்கத்தில் ஸ்டீல் டப்பா நிறையச் சட்டைப் பொத்தான்கள். புள்ளிதான் நீங்கள். நெருங்கியவர்களைப் பக்கத்தில் வையுங்கள், மற்றவர்களைத் தள்ளி வையுங்கள் என்பார்கள். பெயர் சொல்ல வேண்டியதில்லை. பிறகு மெதுவாகக் கேட்பார்கள். இவர்களில் யாரோடு கஞ்சா பிடிப்பீர்கள்? அது இல்லாத நாளில் இந்தப் பொத்தான்கள் எங்கே நிற்கும்?

அந்த இடத்தில் எல்லோருடைய கையும் நின்றுவிடும். அதைப் பார்க்கிற ஆசையில்தான் கரோலின் இந்த வேலையில் இருக்கிறாள் என்றுகூடச் சொல்லலாம். இதுவரை பதினெட்டுப் பேரிடம் கேட்டிருக்கிறாள். ஒருவராவது கஞ்சாவுக்காகப் போனேன் என்று சொன்னதில்லை. மொட்டை மாடிக்குக் கூப்பிட்டார்கள், போனேன் என்றுதான் சொன்னார்கள்.

ஆட்களைச் சேர்க்கிற முறை எளிது. கடந்த ஒரு வருடத்தில் கஞ்சா பிடித்தவர்களை மட்டும்தான் கேள்விக்கு உட்கார வைப்பார்கள். பேசி முடித்தவருக்கு மூன்று நீலக் கூப்பன் கிடைக்கும். அவர் தனக்குத் தெரிந்த, தன்னைப் போன்ற மூன்று பேருக்குக் கொடுக்கலாம். 31-3 என்றால் முப்பத்தொன்றாம் ஆள் கொடுத்த மூன்றாவது கூப்பன். ஆளுக்கு எண் உண்டு, பெயர் கிடையாது. "நீங்க சொல்றது இந்த அறையை விட்டு வெளிய போகாது" என்று ஒவ்வொரு தடவையும் கரோலின் ஒரு தாளைப் பார்த்துச் சத்தமாக வாசித்துக் கையெழுத்துப் போட வேண்டும்.

அந்த முப்பத்தொன்றாம் ஆளை அவளுக்கு நினைவிருந்தது, பார்க்காததால். இரண்டு வாரத்துக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை, மிருணாள் அவசரமாக வெளியே வந்து, "நீ போய் டீ குடித்துவிட்டு ஒரு மணி நேரம் கழித்து வா. வருகிறவர் உன்னிடம் பேச விரும்பவில்லை" என்று மராத்தியில் சொன்னாள். மிருணாள் இந்த ஆய்வின் பொறுப்பாளர். தெரிந்தவரிடம் கேள்வி கேட்கக்கூடாது என்பதும் விதிதான். கரோலின் எதிர்க் கடையில் இரண்டு டீ குடித்தாள். ஆள் யாராயிருக்கும் என்று மண்டையைப் பிய்த்துக்கொண்டாள். திரும்பி வந்தபோது பதிவேட்டில் 31 என்ற எண் மட்டும்தான் இருந்தது, அப்புறம் யோசிப்பதை விட்டுவிட்டாள்.

இன்று பத்தரை மணிக்கு வாசலில் மூன்று ஆட்டோ வந்து நின்றது.

முதல் ஆட்டோவிலிருந்து பாக்கியவதி இறங்கினாள். பள்ளிக்கூடத்துச் சுற்றுலாவுக்குக் கட்டுகிற அதே கஞ்சி போட்ட சேலை. பின்னால் அன்பியத்துப் பிள்ளைகள் ஏழு பேர். அவர்களுக்குப் பின்னால் ஆரோக்கியமேரியும் இன்னொரு அம்மாவும். ஏழு பேரில் கடைசியாக, எதையும் பார்க்காமல் நின்றுகொண்டிருந்தது கார்ல்.

"ஏட்டி, ஆள் வரலைன்னியே. எண்ணிக்கோ," என்றாள் பாக்கியவதி.

கரோலின் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள். "உங்களுக்கு எப்படிம்மா..."

"இவன் ஜீன்ஸ்ல கூப்பன் இருந்துச்சு. அக்காவுக்கு உதவணும்னு வச்சிருந்திருக்கான், வாயைத் தொறந்து சொல்லுதானா பாரு."

கரோலின் தம்பியைப் பார்த்தாள். கார்ல் கூரையில் ஓடாத ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.  அம்மாவுக்குத் தெரியாத அந்தக் கால் பங்கு அவளுக்குத் தெரியுமே. அந்த நீலக் கூப்பன் தெருவில் கிடைப்பதில்லை. யாரோ ஒருவர், இவனும் நம்மைப் போல என்று நினைத்துத்தான் கொடுத்திருக்க வேண்டும்.

முதலில் தோன்றியது, அசல் கூப்பன் இல்லாதவர்கள் போகலாம் என்று சொல்லிவிடுவது. வாயைத் திறப்பதற்குள் ஆரோக்கியமேரியின் மகன் தினேஷ் தண்ணீர் குடிக்கிற சாக்கில் அவள் பக்கம் வந்தான். உள்ளங்கையில் ஒரு நீல முனை தெரிந்தது.

"அக்கா, எங்கிட்ட நெசமாவே ஒண்ணு இருக்கு. அடுத்த வாரம் வரலாம்னு இருந்தேன். அம்மாவுக்குத் தெரியாது."

கரோலினுக்கு அப்போதுதான் முழு ஆபத்தும் புரிந்தது. கூப்பன் உள்ளவர்கள் உள்ளே, இல்லாதவர்கள் வெளியே என்று பிரித்தால், அந்த நிமிஷமே மூன்று அம்மாக்களின் முன்னால் பிள்ளைகளைப் பிரித்துக் காட்டியதாகிவிடும். இன்றைக்குப் புரியாது. நாளைக்குக் கோயில் வாசலில் யாராவது ஒருவர் இந்த ஆய்வைப் போனில் தேடிப் பார்ப்பார். யார் ஐந்து நிமிஷத்தில் வந்தது, யார் ஒரு மணி நேரம் இருந்தது என்று அப்புறம் ஆளாளுக்கு நினைவுபடுத்திக்கொள்வார்கள்.

அவள் மிருணாளை ஓரமாக இழுத்துக்கொண்டு போனாள். இரண்டு நிமிஷம் ஹிந்தியில் குசுகுசுவென்று பேசினார்கள்.

"ஏழு பேரையும் உள்ளே விடுவோம். கூப்பனை யாரும் இங்கே காட்ட வேண்டாம், உள்ளே போய்க் காட்டட்டும். இருக்கிறவர்கள் அறைக்குப் போகட்டும், இல்லாதவர்கள் கூடத்தில் சமோசா சாப்பிட்டுக் காரம் ஆடட்டும். ஒன்றரை மணி நேரம் கழித்து ஏழு பேரும் ஒன்றாக வெளியே வர வேண்டும்," என்றாள் கரோலின்.

"நீ?"

இந்தக் கேள்விக்குத்தான் அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. உள்ளே போனால் ஒரே பார்வையில் தெரிந்துவிடும். தம்பி காரம் போர்டு பக்கமா, அறைப் பக்கமா? இருபத்திரண்டு நாளாக வீடே மண்டையை உடைத்துக்கொள்ளும் கேள்விக்குப் பதில் அந்தக் கதவுக்குப் பின்னால் இருந்தது.

"நான் வெளியே அம்மாக்களோடு உட்கார்கிறேன்," என்றாள்.

கதவு சாத்திக்கொண்டது.

*

வரவேற்பறையில் நாலு பிளாஸ்டிக் நாற்காலி. அம்மாவுக்கும் ஆரோக்கியமேரிக்கும் நடுவில் கரோலின்.

"உள்ள என்ன கேக்குதிய?" என்றாள் ஆரோக்கியமேரி. மிலிட்டரி ஆஸ்பத்திரி ஒன்றில் இருபது வருடம் வார்டு பார்த்தவள். கேள்வியும் ஊசி மாதிரி நேராக வரும்.

"அவங்க ஃப்ரெண்ட்ஸைப் பத்தி, ஆன்ட்டி."

"அதுக்கு ஏன் கதவைச் சாத்தணும்?"

"அம்மா பக்கத்துல இருந்தா யாராவது ஃப்ரெண்ட்ஸைப் பத்தி உண்மை சொல்லுவாங்களா?"

இன்னொரு அம்மா சிரித்துவிட்டாள். ஆரோக்கியமேரி சிரிக்கவில்லை. சாத்திய கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

உள்ளேயிருந்து காரம் காய் மோதுகிற சத்தம் வந்தது. ஒரு பெண்ணின் சிரிப்பு. பாக்கியவதி காதைத் தீட்டிக்கொண்டாள்.

"ஜெனிபர் சத்தம். மத்தவன் யாரு, அந்தோணி மவனா? கார்ல் சத்தத்தையே காணோமே. அவன் காரம் ஆடினா தெருமுனை வரைக்கும் கேக்குமே."

கரோலினும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு குரலையும் எண்ணிக்கொண்டிருந்தாள், தம்பியின் குரல் வருகிறதா என்று உடம்பையே காதாக்கி உட்கார்ந்திருந்தாள். இது மட்டும் என்ன, உள்ளே போய்ப் பார்ப்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று சட்டென்று உறைத்தது. தன்மேல் அவளுக்கு எரிச்சலாக வந்தது.

எழுந்துபோய் மூலையிலிருந்த பெரிய கூலரைப் போட்டாள். அது லாரி கிளம்புகிற மாதிரி உறுமிக்கொண்டு ஓட ஆரம்பித்தது. உள்ளேயிருந்து வந்த சத்தமெல்லாம் அதில் அமுங்கிப்போனது.

"எதுக்குட்டி இப்ப?"

"வேர்க்குதும்மா. ஏப்ரல் மாசம்."

 பிறகு ஆரோக்கியமேரி, கூலர் சத்தத்துக்கு மேலே கேட்க வேண்டுமென்று நினைக்காமல், கரோலினுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

"எம்மவன் என்கிட்ட ஒழுங்காப் பேசி நாலு மாசம் ஆச்சு. சாப்டியான்னா சாப்ட்டேன். தூங்கினியான்னா தூங்கினேன். உள்ள யார்ட்டயோ ஒரு மணி நேரமாப் பேசுதான் போலருக்கு."

"எல்லாரும் உள்ளதான் இருக்காங்க, ஆன்ட்டி. யார் பேசுறாங்கன்னு எனக்குத் தெரியாது."

"ஒனக்குமா தெரியாது?"

"சத்தியமா."

ஆரோக்கியமேரி அவளைத் திரும்பிப் பார்த்தாள். நம்பினாளோ இல்லையோ, கரோலினின் கையைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். 

பன்னிரண்டே காலுக்குக் கதவு திறந்தது. ஏழு பேரும் கையில் சமோசா எண்ணெயோடு ஒன்றாக வெளியே வந்தார்கள்.

"என்னல கேட்டாவ?" என்று ஆரோக்கியமேரி மகனைப் பிடித்தாள்.

"காரம் ஆடினோம்," என்றான் தினேஷ். பிறகு என்ன தோன்றியதோ, "வீட்டுக்குப் போய்ச் சொல்றேம்மா," என்றான்.

*

வேலை முடிந்து கரோலின் வெளியே வந்தபோது மணி மூன்று. கார்ல் ஆட்டோவில் போகாமல் கேட்டருகே அவளுக்காக நின்றுகொண்டிருந்தான். ஸ்கூட்டரில் பின்னால் ஏறினான்.  ஔந்தில் ஒரு ரஸவந்தியை, கரும்புச்சாற்றுக் கடையைக் கண்டதும் தோளைத் தட்டி நிறுத்தச் சொன்னான்.

கரும்பு ஆலையில் கட்டியிருந்த சலங்கை சுற்றச் சுற்ற ஒலித்துக்கொண்டிருந்தது. இரண்டு கிளாஸ் வந்தது.

"நீ கேக்க மாட்டியா?" என்றான் கார்ல்.

"கேக்கக் கூடாது."

"உள்ள என்கிட்டயும் யாரும் கேக்கல அக்கா. என் கூப்பன் அம்மா ஹேண்ட்பேக்ல மாட்டிக்கிச்சு. நான் காரம்தான் ஆடினேன்." சாற்றில் மிதந்த ஐஸை விரலால் அமுக்கினான். "கத்தல, அவ்ளோதான். நெஜமா எல்லாம் சொல்லிரணும்னு ரெடியா வந்தேன். கேக்க ஆள் இல்ல."

கரோலின் கிளாஸைக் கீழே வைத்தாள். "இப்ப நான் ஆபீஸ்ல இல்ல."

அவன் சொன்னான். அவனுடைய தமிழ் பாதியில் மாட்டிக்கொண்டு இங்கிலீஷுக்குப் போய் ஹிந்தி வழியாகத் திரும்பி வந்தது. இரண்டு வருடம். வேலை முடிந்து வந்தால் நாலு பேரும் மொட்டை மாடி. ஒருவன் சுருட்டுவான், ஒருவன் பாட்டுப் போடுவான். ஜனவரியில் இவனுக்குத் தூக்கம் கெட்டுப்போய் நெஞ்சு படபடக்க ஆரம்பித்தது. நிறுத்திவிட்டான்.

"அவங்க ஒண்ணுமே சொல்லல அக்கா. நல்ல பசங்க. எனக்குன்னு கோல்ட் ட்ரிங்க் வாங்கி வச்சாங்க. நானும் டெய்லி மேல போய் உக்காந்தேன். ஆனா பேச ஒண்ணும் இல்ல. அவங்க சிரிக்கிறது எனக்குச் சிரிப்பா வரல. ஒருநாள் என் ரூம் ரோஹனோட போன்ல ஒரு பொண்ணு ஓன்னு அழுதுச்சு. யாருடான்னேன். என் சிஸ்டர்ங்குறான். ரெண்டு வருஷம் ஒரே ரூம்ல படுத்திருக்கேன், அவனுக்கு அக்கா இருக்குன்னே எனக்குத் தெரியாது."

"அதான் வந்துட்டியா?"

"சண்டை போட்டிருந்தா சொல்லியிருப்பேன். சண்டையே இல்ல. அதை அம்மாகிட்ட எப்படிச் சொல்றது? அதான் சும்மான்னேன்."

இருபத்திரண்டு நாள் வீட்டைக் குடைந்த ரகசியம் இவ்வளவுதான். கரோலினுக்கு அழுகையும் வந்தது, ஒரு நிம்மதியும் வந்தது. தம்பியின் தலைமுடியைக் கலைத்துவிட்டாள். கடைக்காரர் இருப்பதை நினைத்து அவன் வெட்கப்பட்டான்.

"கூப்பன் யார் குடுத்தாங்கன்னும் கேக்க மாட்டியா?"

"அது கண்டிப்பா கேக்க மாட்டேன். அது அவங்க சமாச்சாரம்."

"நல்ல மனுஷங்க," என்றான் கார்ல். "நான் நிறுத்திட்டேன்னு அவங்ககிட்ட மட்டும்தான் சொன்னேன். வீட்ல சொல்ல முடியலைன்னா இங்க போய்ச் சொல்லு, மனசு லேசாகும், எனக்கு ஆச்சுன்னாங்க."

*

ஆறு மணிக்கு வீட்டில் காபி வாசனை. பாக்கியவதி இன்றைய வெற்றியில் திளைத்துக்கொண்டிருந்தாள். அன்பியம் குழுவில் ஒன்பது பேர் கை கூப்பியிருந்தார்கள். ஆர்தர் மறுபடி தாளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"ஏட்டி, இந்தா இதைப் பிடி," என்று பாக்கியவதி ஹேண்ட்பேக்கைத் திறந்தாள். பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பத்திரமாக வைத்திருந்த நீல அட்டை. "இவன்ட்ட குடுக்க மறந்தே போச்சு. ஆபீஸ்ல கணக்குக் கேப்பாவல்லா."

"இனி வாட்ஸப்ல இதெல்லாம் போடாதீங்கம்மா. முதல்ல என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

"கேக்க என்ன இருக்கு? நம்ம மாப்பிள்ளை போயிட்டு வந்த இடம்தானே. அவரு பாஸ் பண்ணினா அது நல்லதாத்தான் இருக்கும்னு நம்பித்தான் எல்லாருக்கும் அனுப்பினேன்."

கரோலினுக்குப் புரியவில்லை. "எந்த மாப்பிள்ளை?"

"ஒனக்கு எத்தனை மாப்பிள்ளை? பின்னால திருப்பிப் பாரு."

திருப்பினாள். வெறும் நீல அட்டையின் நடுவில் பச்சை மையில் ஒரு சின்ன வட்டம். உள்ளே ஒரு டிக்.

முன்பக்க மூலையில் 31-3.

அவள் நிமிர்ந்தாள். கார்ல் அறை வாசலில் நின்றுகொண்டிருந்தான். அக்காவின் கையிலிருந்த அட்டையைப் பார்த்தான், உடனே கண்ணைத் தாழ்த்திக்கொண்டு உள்ளே போய்விட்டான். அவன் அதற்குமேல் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

இரண்டு டீ குடித்த அந்தச் சனிக்கிழமை அவளுக்கு நினைவு வந்தது. வருகிறவர் உன்னிடம் பேச விரும்பவில்லை. உள்ளே ஒரு மணி நேரம் உட்கார்ந்து பொத்தான்களை வைத்தவன் பெனிஸ்டன். ஒரு வருடத்துக்குள் பிடித்தவர்களை மட்டும்தான் உட்கார வைப்பார்கள். அவர்களுக்கு நிச்சயமாகி எட்டு மாதம் ஆகிறது. விட்டுவிட்டானா, இன்னும் இருக்கிறதா? அட்டையில் அவளை எந்த வளையத்தில் வைத்தான்? மனசு லேசாகும் என்று தம்பிக்குச் சொல்லத் தெரிந்தவனுக்கு, அவளிடம் சொல்ல மட்டும் ஏன் வாய் வரவில்லை?

போனை எடுத்துக் கேட்டுவிடலாம். கேட்டால், முப்பத்தொன்று யார் என்று தனக்குத் தெரிந்துவிட்டதைச் சொன்னதாகும். வாசித்துக் கையெழுத்துப் போட்ட வாக்கு என்ன ஆவது? காலையில் ஏழு பிள்ளைகளுக்காகக் கூலரைப் போட்டவள் அவள்தான். தனக்கென்று வரும்போது அதை அணைத்துவிடலாமா?

"ரெண்டு பேரும் கொஞ்சம் பேசாம இருங்க," என்று ஆர்தர் தொண்டையைச் செருமினார். "முழுசா ஒரு தடவை வாசிக்குதேன்."

எழுந்து நின்று, கோயிலில் நிற்கிற மாதிரியே நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வாசித்தார்.

"திருமண அறிவிப்பு. சூசை மிக்கேல், அந்தோணியம்மாள் இவர்களின் மகன் பெனிஸ்டன். ஆர்தர், பாக்கியவதி இவர்களின் மகள் கரோலின்." மகள் பெயரில் அவர் குரல் லேசாகத் தழுதழுத்தது. சமாளித்துக்கொண்டார். "இவர்களுடைய திருமணத்துக்கு இது முதல் அறிவிப்பு. இத்திருமணத்துக்குத் தடை ஏதேனும் உண்டென்று அறிந்தவர்கள் அதைப் பங்குத்தந்தையிடம் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள்."

பாக்கியவதி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஆர்தர் கண்ணாடிக்கு மேலாக மகளைப் பார்த்தார்.

"சரியா வாசிச்சேனா கரோ?"

கரோலின் நீல அட்டையைக் கைக்குள் மூடிக்கொண்டாள்.

"இன்னொரு தரம் வாசிங்கப்பா," என்றாள். "கடைசி வரியை மட்டும்."